மின்சாரத்தின் நாடி பார்த்தோம்

(விஞ்ஞான மன்ற மாணவியர், பன்னிரண்டாம் வகுப்பு)

நாடி பிடித்து நோய் சொல்வது நம் நாட்டு வைத்தியர்களின் பழங்கலை. மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, உடம்பின் உள்ளே நடப்பதை வெளியில் இருந்தே அறிந்து சொல்வார்கள். மின்சாரத்திற்கும் அப்படி ஒரு நாடி உண்டு. நம் வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் அது இரவும் பகலும் துடித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் அது கை வைத்துப் பார்க்கக் கூடாத நாடி. வைத்தால் நம் நாடி நின்றுவிடும்! ஆகவே கருவி கொண்டுதான் பார்க்க வேண்டும்.

இவ்வாண்டு நடந்த விஞ்ஞானக் கண்காட்சிக்காக நாங்கள் நால்வர் சேர்ந்து அந்தக் கருவியைச் செய்தோம். செய்த விதத்தையும், செய்யும்போது கற்றுக்கொண்டதையும் இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். பௌதிகம் படிக்காத தங்கைகளுக்கும், வீட்டில் இதைப் படிக்கப்போகும் அம்மா அப்பாமார்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் சமன்பாடு எதுவும் எழுதவில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஐம்பது துடிப்பு

நமக்கு வருவது மாறுதிசை மின்சாரம். ஊஞ்சல் போல அது முன்னும் பின்னும் போய் வருகிறது. ஒரு நொடியில் 50 முறை இப்படிப் போய் வருகிறது. இந்த எண்ணிக்கைக்கு அதிர்வெண் என்று பெயர். அதன் அலகு ஹெர்ட்ஸ். மின்காந்த அலைகளைக் கண்டு காட்டிய ஜெர்மானிய விஞ்ஞானி ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் நினைவாக வைத்த பெயர். எங்கள் தாத்தாமார்கள் இன்றும் 'ஐம்பது சைக்கிள்' என்றுதான் சொல்கிறார்கள். பிரான்சில் இருக்கும் நம் உறவினர் வீடுகளிலும் இதே 50தான். அமெரிக்காவில் 60.

இந்த ஐம்பது எங்கிருந்து வருகிறது? மின்நிலையத்தில் சுழலும் பெரிய இயந்திரத்திலிருந்து வருகிறது. இரண்டு துருவம் உள்ள ஜெனரேட்டர் நிமிடத்திற்கு 3,000 முறை சுற்றுகிறது. அறுபதால் வகுத்தால் நொடிக்கு 50. நம் திருமலைராயன்பட்டினத்தில் 2000ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிய 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையமும் சரி, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியால் ஓடும் பெரிய நிலையங்களும் சரி, எல்லாம் ஒரே தாளத்திற்குக் கட்டுப்பட்டவை.

வண்டி மேடேறும்போது மாடு நடை தளர்வதைப் பார்த்திருக்கிறோம். அதுபோல, சாயங்காலம் ஊரெல்லாம் விளக்கும் மோட்டாரும் ஒரே நேரத்தில் போட்டால் ஜெனரேட்டர் கொஞ்சம் தளர்கிறது; அதிர்வெண் 50க்குக் கீழே இறங்குகிறது. நள்ளிரவில் எல்லாரும் அணைத்துவிட்டால் இறக்கத்தில் வண்டி ஓடுவதுபோல் 50க்கு மேலே ஏறுகிறது. ஆக, தேவைக்கும் உற்பத்திக்கும் இடையே உள்ள இழுபறியை இந்த ஒரே எண் காட்டிவிடுகிறது. அதனால்தான் இதை நாடி என்றோம்.

இதில் எங்களை வியக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே போட்ட 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னிந்திய மின்வலை மற்ற மண்டலங்களோடு ஒரே தாளத்தில் இணைந்தது. அன்றிலிருந்து காரைக்காலில் துடிக்கும் துடிப்பும் காஷ்மீரில் துடிக்கும் துடிப்பும் ஒன்றே. நம் ஊரில் எந்தப் பக்கம் போனாலும் சிறிது தூரத்தில் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். எல்லையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறும், பஸ்ஸின் நிறம் மாறும். அதிர்வெண் மட்டும் மாறாது. ஆனால் நம் கடலுக்கு அப்பால் இருக்கும் இலங்கை தனி வலை. அதற்குத் தனி நாடி. வலை சிறியதானால் ஒரு சிறு தட்டலுக்கே நாடி தடுமாறும். 2025 பிப்ரவரி 9 அன்று அத்தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அந்நாட்டு அமைச்சர் சொன்னதைப் படித்துச் சிரித்தோம், சிந்திக்கவும் செய்தோம்.

புள்ளிக்குப் பின்னே இரண்டு இலக்கம் எதற்கு?

'ஐம்பது என்றால் ஐம்பது. அதற்கு மேல் என்ன அளப்பது?' என்று வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி.

நம் நாட்டு மின்வலை விதிப்படி 2014ஆம் ஆண்டு முதல் அதிர்வெண் 49.90க்கும் 50.05க்கும் இடையே இருக்க வேண்டும். இந்த இடைவெளியின் அகலம் 0.15தான். முழு எண் மட்டும் காட்டும் கருவி இதற்குள் எதையும் காட்டாது. தென்னிந்தியாவில் 2003 சனவரி 1 அன்று புதிய கட்டண முறை ஒன்று வந்தது. ஒப்புக்கொண்டதை விடக் கூடுதலாக மின்சாரம் எடுத்தால் தர வேண்டிய விலையை அப்போதைய அதிர்வெண்ணை வைத்து நிர்ணயித்தார்கள். அதிர்வெண் குறையக் குறைய விலை ஏறும், 0.02 ஹெர்ட்ஸுக்கு ஒரு படி. அதற்கு முன்பு 48 ஹெர்ட்ஸ் வரைக்கும் கூட இறங்கிக் கிடந்த தெற்கத்தி வலை, அதன்பின் தலை நிமிர்ந்தது. புள்ளிக்குப் பின்னே இருக்கும் இரண்டாவது இலக்கத்தை நம்பிக் கோடிக்கணக்கான ரூபாய் கை மாறியது என்றால், அந்த இலக்கத்தைப் பொய்யில்லாமல் அளக்க வேண்டும் அல்லவா?

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருளில் மூழ்கியது. இரண்டாம் நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மண்டலங்களும் விழுந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பரப்பு. தெற்கு அப்போது தனித் தாளத்தில் இருந்ததால் தப்பியது. இதற்கு மாறான நிகழ்ச்சி 2020 ஏப்ரல் 5 அன்று நடந்தது. அன்றிரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைத்து அகல் ஏற்றியது எங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. நாங்கள் மாடியில் நின்று அகலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், நாட்டின் மின்தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்து மறுபடியும் ஏறியது. அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் இடையே ஆடியது; ஆனால் வலை விழவில்லை. கட்டுப்பாட்டு அறைகளில் கண் இமைக்காமல் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் உழைப்பு அது.

எண்ணுவதில் ஒரு சங்கடம்

சரி, அளப்பது எப்படி? நேர்வழி, ஒரு நொடி கதவைத் திறந்து வைத்து உள்ளே வரும் துடிப்புகளை எண்ணுவது. ஐம்பது வந்தால் 50. ஆனால் உண்மையில் 49.9 இருந்தாலும் கருவி 49 என்றோ 50 என்றோதான் சொல்லும். முழுத் துடிப்புகளை மட்டுமே எண்ண முடியும். பாதித் துடிப்பை எண்ண முடியாது. கதவு மூடும்போது வாசலில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் வைத்து நிற்கும் துடிப்பை என்ன செய்வது? இந்த ஒன்று கூடுதல், ஒன்று குறைவு என்னும் ஐயம் எண்ணும் கருவிகள் எல்லாவற்றுக்கும் உண்டு.

கதவை நூறு நொடி திறந்து வைத்தால்? 4,998 துடிப்பு வரும். நூறால் வகுத்து 49.98 என்று சொல்லலாம். ஆனால் நாடியைப் பார்த்துச் சொல்ல வைத்தியர் நூறு நொடி எடுத்துக்கொண்டால் அதற்குள் நோயாளியின் நிலை மாறிவிடும். மின்வலை சில நொடிகளில் ஏறி இறங்குவது. காத்திருக்க நேரமில்லை.

இந்த இடத்தில் எங்கள் பௌதிக சிஸ்டர் சைக்கிள் கொட்டகைக்கு எங்களை அழைத்துக்கொண்டு போனார்கள். ஒரு சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, 'பத்து நொடியில் எத்தனை சுற்று சுற்றுகிறது, பிள்ளைகளா?' என்றார்கள். பதினொன்று என்றோம். 'பதினொன்றேகாலா, பதினொன்றரையா?' என்றார்கள். நாங்கள் விழித்தோம். 'சக்கரத்தில் 40 கம்பி இருக்கிறதே. சுற்றை எண்ணாமல் கம்பியை எண்ணினால்?' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

விடை அதில் இருந்தது. சக்கரத்தின் சுற்றை எண்ணாமல் கடந்து போகும் கம்பிகளை எண்ணினால் ஒரு சுற்றின் நாற்பதில் ஒரு பங்கு வரை அளக்கலாம். அப்படியானால் மின்சாரத்தின் ஒரு துடிப்பை நூறு கம்பிகளாகப் பிரித்துவிட்டால், ஒரே நொடியில் 5,000 எண்ணலாம். 4,998 வந்தால் 49.98 ஹெர்ட்ஸ். புள்ளிக்குப் பின்னே இரண்டு இலக்கமும் ஒரே நொடியில் கிடைத்துவிடும். இதுதான் அதிர்வெண் பெருக்கம்.

மூன்றாங்காலம்

ஆனால் சைக்கிள் சக்கரத்தில் கம்பி ஏற்கெனவே இருக்கிறது. மின்சாரத்துக்குக் கம்பி எங்கே? அதை நாமே உண்டாக்க வேண்டும். இதை விளங்கிக்கொள்ள எங்களுள் பாட்டுப் படிக்கும் தோழி உதவினாள். சரளி வரிசையை முதற்காலத்தில் பாடும்போது ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாங்காலத்தில் இரண்டு, மூன்றாங்காலத்தில் நான்கு. பாட்டு டீச்சர் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பார். பாடுகிறவள் தன் மனத்துக்குள் நான்கு நான்காகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு நான்கிலும் முதல் ஸ்வரம் தட்டோடு வந்து விழுகிறதா என்று கவனிக்கிறாள். பிந்திவிட்டால் சற்று வேகம் கூட்டுகிறாள், முந்திவிட்டால் நிதானிக்கிறாள். தட்டுகிறவரின் நடை மாறினால் இவள் நடையும் கூடவே மாறுகிறது.

எங்கள் கருவியும் இதைத்தான் செய்கிறது. உள்ளே சுமார் 5,000 ஹெர்ட்ஸில் துடிக்கும் ஓர் அலையியற்றி இருக்கிறது, இவள்தான் பாடகி. அவள் துடிப்புகளை நூறு நூறாகச் சேர்த்து, நூறுக்கு ஒன்றாக ஒரு துடிப்பை வெளியே விடும் எண்ணி ஒன்று இருக்கிறது. அந்த ஒன்றையும் மின்சாரத்தின் ஒரு துடிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முந்தியதா பிந்தியதா என்று பார்க்கும் ஒப்பீட்டுச் சுற்று ஒன்று இருக்கிறது. அதன் தீர்ப்பை நிதானப்படுத்தி அலையியற்றிக்குச் சொல்லும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போய்விட்டால் அலையியற்றி மின்சாரத்தைப் போல் துல்லியமாக நூறு மடங்கு வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். இதை ஆங்கிலத்தில் 'பேஸ் லாக்டு லூப்' என்பார்கள். தமிழில் கட்டப் பூட்டு வளையம்.

இரண்டு துடிப்புகள் ஒன்றையொன்று பின்பற்றும் என்பதை முதலில் கவனித்தவர் டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகென்ஸ். 1665ஆம் ஆண்டு ஒரே சட்டத்தில் மாட்டியிருந்த இரண்டு ஊசல் கடிகாரங்கள் தாமாகவே ஒரே தாளத்துக்கு வந்துவிடுவதை அவர் கண்டார். ஒரு மின்சுற்றில் இவ்வாறு தாளத்தைப் பூட்டி வைக்கும் முறையை 1932ஆம் ஆண்டில் விளக்கி எழுதியவர் பிரெஞ்சு எஞ்சினியர் ஆன்ரி த பெல்சீஸ். அவருடைய நோக்கம் வானொலி நிகழ்ச்சியைத் தெளிவாகப் பிடிப்பது. அந்த ஆண்டில் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது என்பதை நினைத்தபோது, அந்தச் செய்தி எங்களுக்குச் சற்று நெருக்கமாகிவிட்டது.

செய்த விதம்

பிளக்கில் இருந்து நேராக எதையும் தொட அனுமதி இல்லை. 230 வோல்ட்டை 6 வோல்ட்டாகக் குறைக்கும் சிறு டிரான்ஸ்பார்மரை ஒரு மரப்பெட்டியில் வைத்து மூடி, அதற்கு வெளியே வரும் இரண்டு கம்பிகளோடு மட்டுமே எங்கள் வேலை என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இதே வேலையைச் செய்ய விரும்பும் தங்கைகளுக்கும் அதையே சொல்கிறோம்.

மின்சாரம் பாடப்புத்தகத்தில் வரைந்திருப்பதுபோல் வழவழவென்று வருவதில்லை. பேன் ரெகுலேட்டர், எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர் எல்லாம் அதில் சிறு சிறு முள் வைக்கின்றன. ஒரு துடிப்பில் ஒரு முள் இருந்தால் கருவி அதை இரண்டு துடிப்பாக எண்ணிவிடும். ஆகவே முதலில் ஒரு வடிகட்டியில் முள்ளை நீக்கி, பிறகு 'ஷ்மிட் டிரிகர்' என்னும் சுற்றில் கொடுத்து நேர் விளிம்புள்ள சதுர அலையாக்கினோம். பெருக்கத்துக்கு சி.டி. 4046 என்னும் சில்லு. ஒப்பீட்டுச் சுற்றும் அலையியற்றியும் அதனுள்ளேயே இருக்கின்றன. நூறால் வகுப்பதற்கு 4518 என்னும் சில்லு ஒன்றே போதும். அதனுள் பத்தால் வகுக்கும் எண்ணிகள் இரண்டு இருப்பதால் பத்தைப் பத்தால் பெருக்கிய நூறு கிடைத்துவிடுகிறது.

ஒரு நொடிக் கதவுக்குச் சுவர்க்கடிகாரத்தில் இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தை எடுத்துக்கொண்டோம். அது நொடிக்கு 32,768 முறை துடிக்கிறது. ஏன் இந்த விசித்திரமான எண்? இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் அது. பதினாறு முறை பாதியாக்கினால் இரண்டு நொடிக்கு ஒரு சுற்று வரும்: ஒரு நொடி கதவு திறப்பு, ஒரு நொடி மூடல். மூடியிருக்கும் நொடியில் எண்ணிக்கை திரையில் தெரியும்.

வடிகட்டியைச் சரிசெய்யத்தான் பல நாட்கள் பிடித்தன. வடிகட்டி பெரியதானால் பாடகி மிக நிதானமானவள் ஆகிவிடுகிறாள்; தாளம் மாறிப் பல நொடி கழித்துத்தான் மாறுவாள். சிறியதானால் எடுத்ததற்கெல்லாம் பதறுகிறாள், எண் நடுங்குகிறது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஆனால் உறங்கிவிடவும் கூடாது. தாளம் மாறினால் ஏறக்குறைய ஒரு நொடியில் ஒத்துப்போகும்படி அதை அமைத்தோம்.

நம்புவது எப்படி?

திரையில் 49.98 என்று முதன்முதலில் வந்தபோது கை தட்டினோம். சிஸ்டர் தட்டவில்லை. 'அது 49.98தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்றார்கள்.

ஓர் எண் திரையில் வந்துவிட்டால் உடனே நம்பிவிடுவது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம். ஆகவே கருவிக்கே ஒரு பரீட்சை வைத்தோம். படிகத்தின் துடிப்பை ஒன்பது முறை பாதியாக்கினால் 64 ஹெர்ட்ஸ் வரும். அதை மின்சாரத்துக்குப் பதிலாக உள்ளே கொடுத்தால் 64.00 காட்ட வேண்டும். ஆனால் கதவுக்கு வைத்த அதே படிகத்தைக் கொடுத்தால், தன் விடைத்தாளைத் தானே திருத்துவதுபோல் ஆகிவிடும். ஆகவே வேறொரு பழைய கடிகாரத்தின் படிகத்தை எடுத்துத் தனிச் சுற்றில் ஓட்டினோம். கருவி 64.00 என்றது, எப்போதாவது 63.99, 64.01 என்றது. அந்த ஒன்று கூடுதல் குறைவு என்னும் ஐயம் மட்டுமே மிச்சம். இப்படிப்பட்ட படிகங்கள் பத்து லட்சத்தில் 20 பங்கு அளவுக்குப் பிசகலாம். 64 ஹெர்ட்ஸில் அது 0.0013தான். எங்கள் இரண்டு இலக்கத்தை அது தொடாது.

பிறகு பெங்களூரில் உள்ள தென்மண்டல மின்சுமை அனுப்பு மையம் வெளியிடும் அதிர்வெண்ணோடு எங்கள் எண்ணை ஒப்பிட்டோம். அவர்கள் எண் ஏறும்போது எங்கள் எண்ணும் ஏறியது, இறங்கும்போது இறங்கியது. எங்கோ இருக்கும் பெங்களூருக்கும் எங்கள் சோதனைக்கூடத்து மேசைக்கும் இடையே ஒரே நாடி ஓடுவதைக் கண்ணால் கண்டோம்.

இங்கே ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். பெருக்குவதால் புதிய அறிவு எதுவும் பிறந்துவிடுவதில்லை. மின்சாரம் நமக்குத் தருவது துடிப்புக்கு ஓர் அடையாளம்தான். நடுவில் உள்ள தொண்ணூற்றொன்பது கம்பிகளும் நாம் நட்டவை. துடிப்புக்குத் துடிப்பு வேகம் பெரிதாக மாறாது என்ற நம்பிக்கையில் நட்டவை. உள்ளே வரும் முள்ளும் கூடவே பெருகும். ஆகவே மடங்கைக் கூட்டக் கூட்டத் துல்லியம் கூடும் என்று நினைக்கக் கூடாது. ஆயிரம் மடங்கு பெருக்கி மூன்றாவது இலக்கத்தையும் காட்டியிருக்கலாம். ஆனால் அந்த இலக்கத்துக்கு எங்களால் பொறுப்பேற்க முடியாது.

வேறு வழிகளும் உண்டு

கட்டப் பூட்டு வளையம் இல்லாமல் முழுக்க முழுக்க எண்ணிக்கையாலேயே பெருக்கும் வழியும் உண்டு. நொடிக்குப் பத்து லட்சம் துடிப்புத் தரும் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொள்வோம். அதை நூறால் வகுத்தால் 10,000. மின்சாரத்தின் ஒரு துடிப்பு நீடிக்கும் ஐம்பதில் ஒரு நொடிக்குள் இதில் 200 வரும். அந்த 200ஐ நினைவில் வைத்துக்கொண்டு, இப்போது பத்து லட்சத்தை 200ஆல் வகுத்தால் 5,000 ஹெர்ட்ஸ்! ஐம்பது நூறு மடங்காகிவிட்டது. ஒரே துடிப்பில் வேலை முடிந்துவிடும். பாடகி தாளத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் அதிர்வெண் 50.1 ஆனால் 200 வர வேண்டிய இடத்தில் 199.6 வர வேண்டும். வருவதோ 199 அல்லது 200. இந்தப் பிசகைக் குறைக்கக் கடிகாரத்தின் வேகம் நூறு மடங்கு கூட வேண்டும். எந்த வழியிலும் ஒரு விலை உண்டு.

'நானூறு ஐநூறு ரூபாய் மைக்ரோகண்ட்ரோலர் பலகை ஒன்று வாங்கினால் இதையெல்லாம் ஒரு நிமிடத்தில் செய்துவிடலாமே?' என்று அண்ணன் ஒருவர் கேட்டார். உண்மைதான். நொடிக்கு 160 லட்சம் துடிக்கும் அதன் கடிகாரம் மின்சாரத்தின் ஒரு துடிப்புக்குள் 3,20,000 முறை துடித்துவிடும். அந்தக் கால அளவைத் திருப்பிப் போட்டால் அதிர்வெண் கிடைத்துவிடும். ஆனாலும் பெருக்கம் பயனற்றதாகிவிடவில்லை. மின்னழுத்தத்தைச் சரியாக அளக்கும் கருவிகளுக்கு அது இன்றும் வேண்டும். நம் கடற்கரையில் நின்று கடல்மட்டத்தின் சராசரியைக் கணக்கிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முழு அலைகளாகப் பார்த்தால்தான் சராசரி சரியாக வரும். ஓர் அலையின் முகடு வரை பார்த்துவிட்டு நிறுத்தினால் கடல் உயர்ந்துவிட்டதாகத் தோன்றும். மின் அலையிலும் அப்படியே. அதிர்வெண் சற்று ஏறினாலும் இறங்கினாலும், ஓர் அலைக்கு நூறு என்றால் சரியாக நூறே இடங்களில் அளவெடுக்க வேண்டும். அலையோடு பூட்டிய நூறு மடங்குத் துடிப்பு, 'இப்போது எடு, இப்போது எடு' என்று அதற்குச் சைகை கொடுக்கும். மின்சாரத்தில் கலந்துள்ள 150, 250 ஹெர்ட்ஸ் அழுக்குகளைப் பிரித்து அளக்கவும் இந்தப் பூட்டு உதவுகிறது.

ஆடும் இலக்கம்

கண்காட்சிக்கு முதல் நாள், ஏற்பாடுகளைப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் எங்கள் மேசையருகே நின்றார். 'ஏம்மா, இந்தக் கடைசி நம்பர் ஆடிக்கிட்டே இருக்கே. 50.00ன்னு நிறுத்தி வச்சா பாக்கிறவங்களுக்கு நல்லாயிருக்குமே?' என்று அன்போடுதான் சொன்னார்.

அவர் போனபின் எங்களுக்குள் கருத்து இரண்டாகப் பிரிந்தது. 'நடுவர்கள் ஒரு மேசையில் இரண்டு நிமிடம்தான் நிற்பார்கள். ஆடும் எண்ணைப் பார்த்தால் கருவி சரியில்லை என்றுதான் நினைப்பார்கள்' என்றாள் ஒருத்தி. நிறுத்துவது ஒரு சுவிட்ச் வேலை. சிஸ்டரிடம் கேட்டோம். 'வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே எண்ணைச் சொல்லும் வைத்தியரிடம் நீங்கள் நாடி பார்ப்பீர்களா?' என்றார்கள். அதற்கு மேல் விவாதம் இல்லை. இலக்கத்தை ஆடவே விட்டோம். பக்கத்தில் ஓர் அட்டையில், 'இந்த எண் ஆடுவதற்குக் காரணம் இரண்டு: மின்சாரம் உண்மையாகவே ஏறி இறங்குகிறது, எங்கள் கருவிக்கு 0.01 வரை ஐயம் உண்டு' என்று எழுதி வைத்தோம். பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள். இரண்டாம் பரிசு.

ஆனால் எங்களுக்குக் கிடைத்த பெரிய பரிசு வேறு. எங்கள் நால்வரில் ஒருத்தியின் அப்பா மின்கம்பத்தில் ஏறி வேலை செய்பவர். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபின், நாட்கணக்கில் வீட்டுக்கு வராமல் கம்பி இழுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த வேலையின் ஆபத்தைக் கூடவே இருந்து பார்த்த குடும்பம் அது. எனவே தோழி டிப்ளமோவில் மின்னியல் பிரிவு எடுக்க வேண்டும் என்றபோது, 'கரண்டு வேலை பொம்பளப் புள்ளைக்கு ஆகாது' என்று அவளுடைய அப்பாயி முடிவாகச் சொல்லிவிட்டார். அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை.

கண்காட்சி அன்று மாலை, பணி முடித்த சீருடையோடு அவர் வந்தார். திரையில் 49.97, 49.98, 50.01 என்று எண் நகர்வதை வெகுநேரம் நின்று பார்த்தார். மகள் நூறு கம்பிக் கணக்கை விளக்கினாள். 'இருபது வருஷமா இந்தக் கம்பியோடதான் இருக்கேன். கரண்டு ஓடுதுன்னு தெரியும், இப்படி ஏறி இறங்குதுன்னு இன்னைக்குத்தான் கண்ணால பாக்குறேன், பாப்பா' என்றார். பிறகு, எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமலே, 'அந்த பாலிடெக்னிக் அப்ளிகேஷன் எப்பக் குடுக்கிறாங்க?' என்று கேட்டார். அப்பாயியை இன்னும் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது. அதை அவரே பார்த்துக்கொள்கிறாராம்.

அன்புத் தோழிகளே, துல்லியம் என்றால் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போவது என்று நாம் நினைக்கிறோம். எந்த இலக்கம் வரை உண்மை என்று தெரிந்து, அதோடு நின்றுகொள்வதும் துல்லியமே. அடுத்த ஆண்டு மன்றத்திற்கு வரும் தங்கைகளுக்காகக் கருவியைச் சோதனைக்கூட அலமாரியின் இரண்டாவது தட்டில் வைத்திருக்கிறோம். சுற்றின் படமும், நாங்கள் அன்றன்று எழுதி வைத்த அளவுகளின் நோட்டும் அதனோடு இருக்கின்றன. மரப்பெட்டியைத் திறக்காதீர்கள், மற்ற எல்லாவற்றையும் பிரித்துப் பாருங்கள்.